குளிர்ப்பெட்டியில் சுருட்டுகளைப் பாதுகாக்கும் முறை

புகையிலை பயிரிடும் விவசாயிக்குப் ‘பதம்’ என்ற சொல்லின் பொருளை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உலர்ந்த இலையை உச்சிப்பொழுதில் கையால் தொட்டால் அது நொறுங்கித் தூளாகும். அதே இலையை விடியற்காலையில், பனி இறங்கி அது இளகியிருக்கும் சமயத்தில், எடுத்து மடித்தாலும் முறிவதில்லை. ஆகையினாலேயே உலர்ந்த இலையை இறக்குவதும், அடுக்கிப் போர் போடுவதும் காலை வேளையில் நடைபெறுகின்றன. ஈரம் மிகுந்த இலை போருக்குள் சென்றால் பூசணம் பிடித்து அழுகும். ஈரம் குறைந்த இலை பக்குவம் ஏறாமல் நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய நிலையே பதம் எனப்படுவது.

இப்பதம் வயலோடும் கிடங்கோடும் முடிந்துவிடுவதன்று. இலை சுருட்டாகச் சுற்றப்பட்ட பின்னரும், அது பயன்படுத்தப்படும் நாள்வரையில், அதன் ஈரம் காக்கப்பட வேண்டும். பல மாதங்கள் பாடுபட்டு, நாற்று நட்டு, நுனி கிள்ளி, பக்கக் கொழுந்து ஒடித்து, உலர்த்திப் பக்குவம் செய்த இலையின் குணம் முழுவதும், கடைசியில் அது வைக்கப்படும் பெட்டியில் சில வாரங்களில் கெட்டுப்போகக் கூடும். கெட்ட சுருட்டை வாங்கியவர் பெட்டியைக் குறை கூறுவதில்லை. இலையையே குறை கூறுகிறார். ஆதலால் சுருட்டு வைக்கும் பெட்டியின் ஈரம், அதை விற்போரை மட்டுமன்றி இலை விளைவிப்போரையும் பாதிக்கும் விஷயமாகும்.

திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த இலையைக் கொண்டு சுற்றப்பட்ட திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரையில் பெயர் பெற்றிருந்தது. 1887-ல் வெளிவந்த ஆர்தர் கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கீழே கிடந்த சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவோன் கூறுவதாக எழுதப்பட்டிருப்பது இதற்குச் சான்று. சுருட்டுப் புகையிலையின் ஆராய்ச்சிக்கென 1948-ல் வேடசந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. இத்தகைய பெயருடைய சரக்கைக் காக்கும் முறையை அறிந்திருத்தல் இவ்வட்டாரத்தினருக்கு அவசியமேயாகும்.

மேல்நாட்டில் தோன்றிய வழக்கம்

சுருட்டுகளைச் சீடர் மரத்தால் செய்த மூடிய பெட்டிகளில், ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதமும், உஷ்ணம் 16 முதல் 21 டிகிரி சென்டிகிரேடும் இருக்குமாறு வைப்பது மேல்நாட்டு வழக்கம். மரப்பெட்டி ஈரத்தைக் காக்குமேயன்றி உஷ்ணத்தைத் தணிக்காது. ஆகையால் இந்நூற்றாண்டில் அமெரிக்கா முதலிய நாடுகளில் சுருட்டுப் பிரியர்கள், திராட்சை மதுப் புட்டிகளைக் குளிர்விப்பதற்காக விற்கப்படும் மின்சாரக் குளிர்ப்பெட்டியை வாங்கி, அதன் புட்டித் தட்டுகளை அகற்றிவிட்டுச் சீடர் மரத் தட்டுகளைப் பொருத்திச் சுருட்டு வைக்கத் தொடங்கினார்கள். இப்பெட்டியின் சுவர்கள் வெப்பம் புகாதபடி அமைந்தவை. கதவைச் சுற்றி ரப்பர் விளிம்பு உண்டு. 7 முதல் 18 டிகிரி வரையில் உஷ்ணத்தை நிறுத்தி வைக்கும் வசதியும் பெரும்பாலானவற்றில் காணப்படுகிறது. சாதாரண வீட்டுக் குளிர்ப்பெட்டியோ 4 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து காற்றை மிகவும் உலர்த்துவதால் இக்காரியத்துக்கு உதவாது.

வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இம்முறை மிகவும் பயனுடையதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் குளிர் நாடுகளில் எழுதப்பட்ட யோசனைகளை அப்படியே இங்கே கைக்கொண்டால் சரக்கு பாழாகும். இதன் காரணத்தை முதலில் அறிந்துகொள்வது நலம்.

காற்றும் அதில் அடங்கிய நீரும்

காற்றுக்குச் சூடு ஏற ஏற, அது அதிகமான நீராவியைத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி உஷ்ணத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. 20 டிகிரியில் 17 கிராமுக்குச் சற்று அதிகமாகவும், 5 டிகிரியில் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் தாங்கும். ஈரப்பதம் 65 சதவீதம் என்றால், அப்போதுள்ள உஷ்ணத்தில் காற்று தாங்கக்கூடிய முழு அளவில் 100-க்கு 65 பங்கு நீராவி அதில் இருக்கிறது என்று பொருள். ஆகவே நீரைச் சிறிதும் கூட்டாமலும் குறைக்காமலும் உஷ்ணத்தை மட்டும் மாற்றினாலே ஈரப்பதம் மாறிவிடும். உஷ்ணமும் ஈரமும் தனித்தனியே கவனிக்கத் தக்க இரு விஷயங்கள் அல்ல. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும்.

80 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு குளிர்ப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரி உஷ்ணத்தில், 65 சதவீத ஈரப்பதத்தில், அதன் காற்றில் அடங்கிய நீர் முழுவதும் ஒரு கிராமுக்கும் குறைவு. அப்பெட்டியில் 12 கிராம் எடையுள்ள 200 சுருட்டுகள் இருப்பின், எடையில் 13 சதவீதம் ஈரம் என்று கொண்டால், அவற்றில் அடங்கிய நீர் 300 கிராமுக்கு மேற்படும். அதாவது பெட்டியிலுள்ள நீர் ஏறக்குறைய முழுவதும் சுருட்டுகளிலும் மரத்திலும் இருக்கிறதேயன்றிக் காற்றில் இல்லை. காற்றிலிருந்து நீர் இழுக்கப்பட்டால் அந்த நஷ்டத்தை ஈடு செய்வது சுருட்டே.

இனி, நீரை இழுப்பது எது என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன காற்று 13 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தவுடன் அதிலுள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும். குளிர்ப்பெட்டியின் பின்புறமுள்ள குளிர்த் தகடு இதனினும் மிகக் குளிர்ந்தது. ஆகவே யந்திரம் ஓடும் நேரமெல்லாம் தகட்டில் நீர் படிந்து, கீழுள்ள துவாரத்தின் வழியாக வெளியே வடிந்துவிடுகிறது. மதுப்புட்டி நன்றாக அடைக்கப்பட்டிருப்பதால் அதற்கு இதனால் தீங்கில்லை. சுருட்டுக்கோ இதுவே பெரும் பகை.

வெளிக்காற்றின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவின் வட பகுதிகளில் குளிர்காலத்தில் சூடேற்றப்பட்ட வீட்டினுள், 21 டிகிரி உஷ்ணத்தில் ஈரப்பதம் 25 சதவீதமே இருக்கும்போது, ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ நாலரைக் கிராம் நீராவிதான் உண்டு. அங்கே கதவைத் திறக்குந்தோறும் பெட்டி உலருகிறது. ஆகையால், நீரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற யோசனை அவ்வீடுகளுக்குப் பொருந்தும்.

நமது சமவெளிகளிலோ நிலை இதற்கு நேர்மாறானது. சித்திரை மாதத்துப் பிற்பகலில் 36 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதமே இருந்தாலும், அக்காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 12.5 கிராம் நீராவி இருக்கும். அதுவே பெட்டிக்குள் புகுந்து 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் 72 சதவீதமாகிவிடும். ஐப்பசி மழையில் 28 டிகிரி உஷ்ணமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் 23 கிராம் நீராவி உண்டு. அது உள்ளே புகுந்தால் பெட்டிக் காற்று தாங்கமாட்டாமல் சுவரிலும் சுருட்டிலும் ஈரமாகப் படியும். நம் கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் கோடைக் காற்றுகூடக் குளிர்ப்பெட்டிக்குள் ஈரக் காற்றாகவே மாறுகிறது என்பது இதனால் விளங்கும். நம்மிடத்தில் திறந்த கதவு ஈரத்தைக் கொண்டுவருகிறது, ஓடும் யந்திரம் ஈரத்தைக் கொண்டுபோகிறது. இவ்விரு இழுப்புக்கும் நடுவே சுருட்டு அகப்பட்டுக்கொள்ளாமல் காப்பதே செய்ய வேண்டிய காரியம்.

வழக்கமாக நேரும் பிழை

இதனை அறியாதோர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒரே வகையாகவே இருக்கும். பெட்டி வாங்கிய அன்றே உஷ்ணம் 16 டிகிரிக்கு அமைக்கப்படுகிறது. புதிய மரத் தட்டில் சுருட்டுகள் அடுக்கப்படுகின்றன. மறுநாள் ஈரமானியின் முள் 50-ல் நிற்பதைக் கண்டு ஒரு கிண்ணம் நீர் வைக்கப்படுகிறது. அந்த நீர் ஆவியாகிக் குளிர்த் தகட்டில் படிந்து துவாரத்தின் வழியே வெளியேறுகிறது. முள் ஏறாததால் இன்னொரு கிண்ணமும் வைக்கப்படுகிறது. பின்னர் இரவில் அறை குளிர்ந்து யந்திரம் நின்றிருக்கும் நேரத்தில், ஆவியை வெளியேற்றுவார் இல்லாமையால், ஈரப்பதம் 80-ஐத் தாண்டுகிறது. சில வாரங்களுக்குள் தகட்டின் அருகிலுள்ள சுருட்டுகளின் மேலிலை வெடித்தும், கிண்ணத்தின் அருகிலுள்ளவை பூசணம் பூத்தும் காணப்படும். ஒரே பெட்டியில் வறட்சியும் வெள்ளமும் ஒருங்கே நேர்வது இவ்வாறுதான்.

கிண்ணத்தில் நீர் குறைந்ததால் சுருட்டு உலரவில்லை. அளவுக்கு மீறிய குளிர்ச்சியே அதை உலர்த்திற்று. ஆகையால் முதல் மருந்து நீரன்று. யந்திரம் ஓடும் நேரத்தைக் குறைப்பதே முதல் மருந்து.

இருவகைப் பெட்டிகள்

விற்பனையிலுள்ள பெட்டிகள் இருவகைப்படும். ஒன்று கம்பிரஸர் என்னும் அழுத்தியந்திரத்தால் இயங்குவது. மற்றொன்று, ஜான் பெல்தியே என்ற பிரெஞ்சுக்காரர் 1834-ல் கண்டறிந்த தத்துவப்படி, இருவேறு கடத்திகள் சேருமிடத்தில் மின்சாரம் பாய்வதனால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் தகட்டைக் கொண்டது.

பெல்தியே பெட்டி மெதுவாகக் குளிர்விப்பது. அதன் தகடு மற்றதைப்போல் அத்தனை குளிராவதில்லை. ஆகவே ஈரத்தையும் குறைவாகவே இழுக்கும். இக்காரணத்தால் மேல்நாட்டார் இதனையே விரும்புகின்றனர். ஆயினும் இது தான் இருக்கும் அறையின் உஷ்ணத்தினின்று 10 முதல் 15 டிகிரி வரையில்தான் குறைக்க வல்லது. 38 டிகிரி வெப்பமுள்ள அறையில் இதனை வைத்தால், இடைவிடாது ஓடியும், 24 டிகிரிக்கு மேலேயே நின்றுவிடக் கூடும். ஆகையால் தடித்த சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள குளிர்ந்த அறைக்கும், கொடைக்கானல், உதகை போன்ற மலைப்பகுதிகளுக்கும் இது பொருந்தும். மலைப்பகுதிகளில் ஆண்டில் பல மாதங்கள் மின்சாரமே இன்றி மூடிய பெட்டியாக இதனைப் பயன்படுத்தலாம்.

சமவெளியின் வெப்ப வீடுகளுக்குக் கம்பிரஸர் பெட்டியே தக்கது. ஆனால் அதன் தகடு பனி உறையும் அளவுக்குக் குளிர்வதால், ஓடும்போது ஈரப்பதம் விரைந்து இறங்கும், நின்றபின் பனி உருகி விரைந்து ஏறும். இவ்வேற்றத்தாழ்வைக் குறைப்பதற்கு, வெளியே தனியாக ஓர் உஷ்ணக் கட்டுப்படுத்தியைப் பொருத்தி, அதன் உணர்முனையைச் சுருட்டுத் தட்டுகளின் நடுவே வைத்து, 20 டிகிரியில் நிற்குமாறும் 2 டிகிரி ஏறிய பின்னரே மீண்டும் ஓடுமாறும் அமைத்துக்கொள்ள வேண்டும். நின்ற யந்திரம் மறுபடி ஓடுவதற்குச் சில நிமிஷ இடைவெளி இருக்குமாறும் அமைத்தல் அவசியம். இல்லாவிடில் கம்பிரஸர் விரைவில் பழுதாகும்.

பெட்டியைத் தயார் செய்தல்

1. புதிய பெட்டியில் பிளாஸ்டிக் வாடை இருக்கும். சுருட்டு எந்த வாடையையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஆகவே சமையல் சோடா கரைத்த வெந்நீரால் உட்புறத்தைத் துடைத்து, கதவைத் திறந்து வைத்துச் சில நாள் காற்றாட விட வேண்டும். வாடை தீராவிடில் உள்ளே கரித்துண்டுகளை வைத்து மூடிவைக்கலாம். சோப்பும் வாசனைத் திரவியமும் கூடா.

2. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதில் வந்துவிடும் இடத்தில் ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை என்று அறிந்து அதனைச் சரிப்படுத்த வேண்டும். நம் மழைக்காலத்தில் ஒரு சிறு இடுக்கும் பெட்டியை நனைக்கப் போதுமானது.

3. நீர் வடியும் துவாரத்தை வெறுமனே அடைத்துவிட்டால் தேங்கிய நீர் அடியில் நின்று நாற்றமெடுக்கும். தகட்டிலிருந்து விழும் நீர் பெட்டிக்குள்ளேயே ஓர் ஆழமற்ற கிண்ணத்தில் விழுமாறு செய்து, கிண்ணத்தில் சுத்தமான பஞ்சுத் துண்டு ஒன்றை இட்டு, அதன் பின்னர் துவாரத்தை அடைப்பது நல்லது. தகடு இழுத்த நீர் மறுபடியும் ஆவியாகிப் பெட்டிக் காற்றிலேயே சேரும். மழைக்காலத்தில் ஈரம் மிகுந்தால் இக்கிண்ணத்து நீரை வெளியே கொட்டிவிடலாம். பெட்டியின் ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இந்த ஒரு கிண்ணமே திறவுகோலாக அமையும்.

4. கண்ணாடிக் கதவின் வழியே வெயில் படலாகாது. கனத்த துணியாலோ அட்டையாலோ மறைத்துவிட வேண்டும். பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுச் செல்ல இடம் விட வேண்டும். அடுப்பறையும் மேற்குச் சுவரும் தகாத இடங்கள்.

5. தட்டுகளின் அடியில் துளையோ இடைவெளியோ இருத்தல் வேண்டும். சிறிய விசிறி ஒன்று மணிக்குச் சில நிமிஷம் சுழன்று காற்றை மேலும் கீழும் கலக்குமாறு செய்யலாம். விசிறிக் காற்று நேராகச் சுருட்டின்மேல் படலாகாது. குளிர்த் தகட்டுக்கு எதிரே சுருட்டுகளை வெறுமையாக வைக்காமல் மரப்பலகை ஒன்றைத் தடுப்பாக நிறுத்துவது நலம்.

மரத்தைப் பழக்குதல்

தட்டுகளுக்கு ஏற்றதாகக் கருதப்படும் ஸ்பானிஷ் சீடர் என்பது உண்மையில் சீடர் இனத்தைச் சேர்ந்ததன்று. அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க வெப்ப நாட்டு மரம். நம் மலைக் காடுகளில் வளரும் சந்தன வேம்பு இதற்கு நெருங்கிய உறவுடையது. முற்காலத்துத் தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தனர். சந்தன வேம்பின் பலகையும் இலேசானது, மணமுடையது. ஆதலால் சுருட்டுப் பெட்டி செய்வதற்கு அதுவும் உதவும். பிசின் வடியும் மரங்களையும், வார்னிஷ் பூசிய பலகையையும் விலக்க வேண்டும்.

சூளையில் உலர்த்திய புதுப் பலகையில் ஈரம் சுமார் 8 சதவீதமே இருக்கும். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் அது 12 சதவீதம் ஈரம் ஏற்ற பின்னரே அமைதி பெறும். பெட்டியில் 5 கிலோ பலகை இருந்தால் அது 200 கிராம் நீரை உறிஞ்சும். பழக்காத பலகையில் சுருட்டை அடுக்கினால் இந்த 200 கிராம் நீரும் சுருட்டிலிருந்தே பறிக்கப்படும். இது 100-க்கு மேற்பட்ட சுருட்டுகளில் அடங்கிய நீர் முழுவதுக்கும் ஈடானது. ஆகையால் சுருட்டு வைக்குமுன், யந்திரத்தை நிறுத்தி, வாலையில் வடித்த நீரில் நனைத்த பஞ்சை ஒரு தட்டில் வைத்துப் பெட்டியை மூடி, பத்து முதல் பதினைந்து நாள் வரையில் விட வேண்டும். பலகையின்மேல் நேராக நீரைத் தெளித்தால் அது முறுக்கிக்கொள்ளும். இவ்வாறு பழகிய மரம் பின்னர் ஈரம் மிகும்போது ஏற்றுக்கொண்டும், குறையும்போது கொடுத்தும், பெட்டிக்கு ஒரு களஞ்சியம் போல் நின்று உதவும்.

ஈரமானியைச் சோதித்தல்

பொய் சொல்லும் ஈரமானியைக் கொண்டு செய்யும் காரியமெல்லாம் பிழையாகவே முடியும். அதனைச் சோதிக்க வீட்டிலுள்ள சமையல் உப்பே போதுமானது. ஒரு சிறு மூடியில் உப்பை இட்டு, அது கரைந்துவிடாமல் சேறு போல் ஆகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து, காற்றுப் புகாத கண்ணாடிப் பாத்திரத்தில் அடைத்து ஒரு நாள் வைக்க வேண்டும். உப்புச் சேற்றின் மேலுள்ள காற்றின் ஈரப்பதம் 20 முதல் 30 டிகிரி வரையில் ஏறக்குறைய மாறாமல் 75 சதவீதமாகவே நிற்கும். கருவி 70 என்று காட்டினால் அது 5 குறைத்துச் சொல்கிறது என்று அறிந்து, அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்வது நலம். பெட்டியின் மேல் தட்டில் ஒன்றும், கீழ்த் தட்டில் ஒன்றுமாக இரண்டு கருவிகள் இருப்பின் வேறுபாடு புலப்படும்.

யந்திரம் ஓடி நிற்கும்போது முள் ஏறி இறங்குவது இயற்கை. அதனைக் கண்டு அஞ்சி அடிக்கடி மாற்றம் செய்தல் கூடாது. சுருட்டு காற்றின் ஈரத்தை உடனே ஏற்பதில்லை. அதன் உட்பகுதி சமநிலை பெற வாரக்கணக்கில் ஆகும். காலை, மாலை இருவேளையும் அளவைக் குறித்து ஒரு வாரத்துச் சராசரியைப் பார்த்தே எதையும் செய்ய வேண்டும்.

ஈரத்தை நிலைநிறுத்தும் பொருள்கள்

திறந்த கிண்ணத்து நீர் ஈரத்தைக் கொடுக்க மட்டுமே அறியும், நிறுத்த அறியாது. ஆகையால் கொடுக்கவும் வாங்கவும் வல்ல பொருள்களே வேண்டும். நீராவி மட்டும் ஊடுருவும் உறையினுள் உப்புக் கரைசல் அடைக்கப்பட்ட பைகள் இப்போது விற்கப்படுகின்றன. 65, 69 என்று எந்த எண் குறித்த பையோ அந்த ஈரப்பதத்தை நோக்கிப் பெட்டிக் காற்றை அது இழுத்துச் செல்லும். சாதாரணப் பெட்டியில் 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று என்பது வழக்கமான கணக்கு. யந்திரம் ஓடும் பெட்டிக்கு இதனினும் கூடுதலாக வைப்பது நல்லது. பை கல்லைப்போல் இறுகினால் மாற்ற வேண்டும். ஈரம் ஏற்கவும் விடவும் பக்குவம் செய்த சிலிகா மணிகளும் இவ்வாறே பயன்படும். அவற்றின்மேல் நீரை ஊற்றினால் வெடித்துச் சிதறக் கூடுமாதலால், வாலை வடித்த நீரைப் பனிபோல் சிறிது தூவி, பாதிக்கு மேற்படாத மணிகளை மட்டும் நனைக்க வேண்டும். குழாய் நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் மணிகளின் துளைகளை அடைத்துவிடும்.

நம் சமவெளிக்கு 70 சதவீதத்தை நாடுவதினும் 65-ஐ நாடுவதே பாதுகாப்பானது. மின்சாரம் தடைப்பட்டுப் பெட்டி சூடேறும் நாள்களில், சுருட்டும் மரமும் தம்முள் அடங்கிய நீரை வெளிவிடுவதால் ஈரப்பதம் உயரும். முன்னமே 70-ல் இருக்கும் பெட்டி அப்போது பூசணத்தின் எல்லைக்குள் சென்றுவிடும். 65-ல் இருப்பது தப்பிக்கும்.

வண்டும் பூசணமும்

புகையிலை வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு நிறப் பூச்சி. மஞ்சள், கொத்தமல்லி, சுக்கு முதலியவற்றையும் துளைக்கும் அதே பூச்சியாதலால் விவசாயிகள் இதனை நன்கு அறிவார்கள். இலையில் இடப்பட்ட முட்டை, சுற்றப்பட்ட சுருட்டினுள்ளும் உயிரோடிருக்கும். 30 டிகிரி அளவான வெப்பத்தில் இப்பூச்சி விரைந்து பெருகும். 18 டிகிரிக்குக் கீழே அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 20 டிகிரியில் வைக்கும் பெட்டியில் வளர்ச்சி மிகத் தாமதப்படுமேயன்றி முற்றிலும் நிற்பதில்லை. ஆகையால் புதிதாக வரும் சுருட்டுகளை முதலில் காற்றுப் புகாத பைகளில் இரட்டையாகக் கட்டி, ஒரு நாள் சாதாரணக் குளிர்ப்பெட்டியிலும், பின்னர் மூன்று நாள் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியுள்ள உறைபெட்டியிலும், மறுபடி ஒரு நாள் சாதாரணக் குளிர்ப்பெட்டியிலும் வைத்து, அதன் பிறகு பையைத் திறப்பது சுருட்டு வியாபாரிகளின் வழக்கம். குளிர்ந்த பையை உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் சுருட்டின்மேல் பனியாகப் படிந்து மேலிலை வெடிக்கும்.

சுருட்டின்மேல் குண்டூசி முனையளவு வட்டத் துளையும் அடியில் தூளும் காணப்பட்டால் வண்டு உண்டென்று உறுதி செய்து, அத்தட்டு முழுவதையும் மேற்சொன்னவாறு உறையவைக்க வேண்டும். வெண்மையான அல்லது பச்சை நிறப் பஞ்சு போன்ற படர்ச்சி காணப்பட்டால் அது பூசணம். முனையின் உட்புறத்தில் அது பரவியிருந்தால் அச்சுருட்டை அகற்றிவிடுவதே சரி. தட்டைத் துடைத்து வெயிலில் உலர்த்தி, மீண்டும் பழக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

விரலால் இலேசாக அழுத்தினால் அமுங்கி மறுபடியும் நிமிரும் சுருட்டு பதத்தில் உள்ளது. சலசலவென ஒலித்தால் உலர்ந்தது. அமுங்கிய இடம் நிமிராவிட்டால் ஈரம் மிகுந்தது. உலர்ந்த சுருட்டை ஒரே நாளில் நனைக்க முயன்றால் உள்ளிலை உப்பி மேலிலை கிழியும். முதலில் 60 சதவீதத்திலும் பின்னர் 65 சதவீதத்திலுமாக, வாரக்கணக்கில் மெல்ல மீட்க வேண்டும்.

காலத்துக்கேற்ற கவனிப்பு

பங்குனி முதல் ஆனி வரையில் யந்திரம் அதிகமாக ஓடுவதால் ஈரம் இழுக்கப்படும். அக்காலத்தில் உள்கிண்ணத்து நீரைக் கொட்டலாகாது. உஷ்ணத்தை 20-க்குக் கீழே இறக்கவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் யந்திரம் குறைவாக ஓடும், வெளிக்காற்றோ நீர் சுமந்து வரும். அப்போது கிண்ணத்தை வெறுமையாக வைத்து, மழை பெய்யும் வேளையில் கதவைத் திறப்பதைத் தவிர்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் குளிர்ந்த வீடுகளில் யந்திரத்தை நிறுத்தியே வைக்கலாம். பெட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் காற்று எங்கும் செல்லும்.

பிற விளைபொருள்களுக்கும் இத்தத்துவமே

இங்கே கூறிய விதி சுருட்டுக்கு மட்டும் உரியதன்று. விதைகளின் ஈரம் 1 சதவீதம் குறையுந்தோறும், அல்லது வைத்திருக்கும் இடத்தின் உஷ்ணம் 5 டிகிரி குறையுந்தோறும், அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை சேமிப்பில் பொதுவாகக் கொள்ளப்படும் விதி. இதனைக் கேட்டு விதையைத் திறந்த பையில் குளிர்ப்பெட்டியில் வைப்போர் உண்டு. அடிக்கடி திறக்கப்படும் பெட்டிக்குள் புகும் ஈரக் காற்றினால் விதை ஈரமேறி முளைப்புத் திறன் குன்றும். விதையை முதலில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்த பின்னரே குளிரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பாத்திரம் அறையின் உஷ்ணத்தை அடையும் வரையில் அதனைத் திறக்கலாகாது. விதை விநியோகத்தில் ஈடுபட்டுள்ள கிராம அதிகாரிகள் இதனை விவசாயிகளுக்கு எடுத்துக் கூறுதல் நன்மை பயக்கும்.

சுருங்கக் கூறின், குளிர்ப்பெட்டியை வாங்குவோர் முதலில் ஈரமானியைச் சோதித்து, அடுத்து மரத்தைப் பழக்கி, உஷ்ணத்தை 20 டிகிரியில் மிதமாக நிறுத்தி, தகடு இழுக்கும் நீரைப் பெட்டிக்குள்ளேயே திரும்பச் செய்து, அதன் பின்னரே ஈரப் பொருள்களை வைக்க வேண்டும். இவ்வரிசை மாறினால் எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியும் பயன்படாது. விடியற்காலைப் பனியில் இலையைத் தொட்டுப் பதம் அறிந்த விவசாயிக்கு இதில் புதிய பாடம் ஒன்றுமில்லை. அவர் வானத்தைப் பார்த்துச் செய்வதை இங்கே கருவியைப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவே.